பிளாட்டர்ஸ் பாடல்களில் எவை பிரபலம், எது அசல்?

கேள்வி இதுதான்: “ரேடியோ சிலோன் கேட்டு வளர்ந்த அப்பா, ‘ஒன்லி யூ’ என்ற பழைய ஆங்கிலப் பாட்டை இன்றும் முணுமுணுப்பார். பாடியது பிளாட்டர்ஸ் குழு என்று தெரியும். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்தக் குழுவின் பிரபலமான பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுத் தரலாம் என்று தேடினால், ஒரே பாட்டு ஏழெட்டு விதமாக வருகிறது. எந்தெந்தப் பாட்டு, அதில் எது அசல்?”

பட்டியலை முதலில் கொடுத்துவிடுகிறேன். ‘ஒன்லி யூ’ (1955), ‘தி கிரேட் பிரிடெண்டர்’ (1955), ‘மை பிரேயர்’ (1956), ‘ட்விலைட் டைம்’ (1958), ‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’ (1958), ‘ஹார்பர் லைட்ஸ்’ (1960). அவசரமென்றால் இந்த ஆறோடு நீங்கள் கிளம்பிவிடலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் கனமானது அந்த இரண்டாவது பாதிதான். இந்தக் குழுவைப் பொறுத்தவரை “எந்தப் பாட்டு” என்பதைவிட “யார் பாடியது” என்பதுதான் பெரிய விஷயம். மேலே சொன்ன ஆறில் நான்கு, இவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஊர் முழுக்கப் பாடித் தீர்த்த பழைய பாட்டுகள். அவற்றை இவர்களுடையதாக ஆக்கியது ஒரு குரல், அதைத் தாங்கி நின்ற வேறு நான்கு குரல்கள். அந்த ஐந்து பேர் இல்லாமல் அதே பாட்டை அதே பெயர்ப்பலகையின் கீழ் வேறு யார் பாடினாலும் சோறு இருக்கும், உப்பு இருக்காது.

அந்த ஐந்து பேர்: உச்சக்குரலில் முன்னால் நின்று பாடும் டோனி வில்லியம்ஸ். அதற்கடுத்த உயர்ந்த ஆண்குரல், அதாவது இரண்டாம் டெனர், டேவிட் லிஞ்ச். நடுத்தர ஆண்குரலான பாரிட்டோன், பால் ரோபி. அடிக்குரல் ஹெர்ப் ரீட். அப்புறம் ஒரே பெண் குரல், ஜோலா டெய்லர். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய கறுப்பினப் பாடகர்கள். குழுவுக்குப் பெயர் வைத்தவர் ஹெர்ப் ரீட். அந்தக் காலத்து ரேடியோ அறிவிப்பாளர்கள் இசைத்தட்டைச் செல்லமாக ‘பிளாட்டர்’ என்பார்கள், அதாவது தாம்பாளம். அதுவே பெயராகிவிட்டது.

ரீடைப் பற்றிக் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் எழுதுவேன். நான் இருபது வருடமாக எங்கள் ஊர் சர்ச் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன். ராகம் முழுக்க சொப்ரானோ என்ற உச்சப் பெண்குரலுக்கும் டெனருக்கும் போய்விடும், நாங்கள் பின்வரிசையில் நின்று ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்போம். யாரும் எங்களைக் கவனிப்பதில்லை. நாங்கள் ஒரு ஞாயிறு வராவிட்டால்தான் பாட்டு ஏன் அந்தரத்தில் தொங்குகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். ரீட் செய்தது அந்த வேலை. நல்ல ஹெட்போனில் ‘மை பிரேயர்’ கேளுங்கள். வில்லியம்ஸ் மேலே போகப் போக, கீழே தரை மாதிரி ஒன்று அசையாமல் இருக்கும்.

இந்த ஐவருக்கும் பின்னால் ஆறாவதாக ஒருவர் உண்டு. பக் ராம். சிகாகோக்காரர், சட்டம் படித்தவர், ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை கோலோச்சிய காலத்துப் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசைக்கோவை எழுதிக் கொடுத்தவர். கிறிஸ்துமஸ் காலத்தில் கேட்கும் ‘ஐ’ல் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ பாட்டின் ஆசிரியர்களில் ஒருவராக, ஒரு தகராறுக்குப் பிறகு, இவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பிளாட்டர்ஸுக்கு மேலாளர், குரல் பயிற்சியாளர், பாடலாசிரியர் எல்லாம் இவரே. பிற்பாடு வந்த தலைவலிக்கும் இவரிடமிருந்துதான் தொடக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, ‘ஒன்லி யூ’. இதை ராம் எழுதி, குழு 1954இலேயே ஃபெடரல் என்ற கம்பெனிக்குப் பாடியது. கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, வெளியிடாமல் மூலையில் போட்டுவிட்டார்கள். அதே சமயம் ராம் பென்குவின்ஸ் என்ற இன்னொரு குழுவுக்கும் மேலாளர். அவர்களுடைய ‘எர்த் ஏஞ்சல்’ அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. சிகாகோவின் மெர்குரி ரெக்கார்ட்ஸ் பென்குவின்ஸைக் கேட்டு வந்தது. “பென்குவின்ஸ் வேண்டுமென்றால் பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ராம் நிபந்தனை போட்டார். காய்கறிக்காரரிடம் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை மாதிரிதான் பிளாட்டர்ஸ் மெர்குரிக்குள் போனது. பணம் கொடுத்து வாங்கிய பென்குவின்ஸ் மெர்குரியில் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. கொசுறாக வந்தவர்கள் அடுத்த ஐந்து வருடம் கம்பெனிக்குச் சோறு போட்டார்கள்.

மெர்குரியில் சேர்ந்ததும் அதே ‘ஒன்லி யூ’வை 1955 ஏப்ரலில் மறுபடி பாடினார்கள். ஜூலையில் வெளிவந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு இடம். ‘ஒன்லி’ என்ற சொல்லை வில்லியம்ஸ் நேராகச் சொல்வதில்லை. ‘ஓ’வுக்கும் ‘ன்லி’க்கும் நடுவே தொண்டையில் ஒரு விக்கல் விழும். குரல் ஒரு கணம் உடைந்து, மேலே எகிறி, மறுபடி சரியாக ஸ்வரத்தில் வந்து உட்காரும். ஒத்திகையில் தற்செயலாகக் குரல் உடைந்ததாகவும், கேட்க நன்றாக இருக்கவே அப்படியே வைத்துக்கொண்டதாகவும் ராம் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் நல்ல பாடகர் ஒரு பிருகாவைப் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போவாரே, அந்த அலட்சியம் இதில் உண்டு. உங்கள் அப்பா முணுமுணுக்கும்போது அந்த விக்கலையும் போடுகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் போடுவார். எனக்குத் தெரிந்து அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் வரியை மறப்பார்கள், விக்கலை மறப்பதில்லை.

தாளத்தையும் சொல்ல வேண்டும். பியானோ ஒவ்வொரு தட்டையும் மூன்று மூன்றாகப் பிரித்துத் தட்டிக்கொண்டே போகும். நம் கணக்கில் திஸ்ர நடை. அந்தக் காலத்து அமெரிக்க மெதுநடைக் காதல் பாட்டுகளில் பாதி இந்த நடையில்தான் ஓடும். பின்னால் நிற்கும் குரல்கள் வார்த்தை பாடாமல் ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டிருக்கும். இவ்வளவுதான் பக்கபலம். மிச்சமெல்லாம் வில்லியம்ஸ்.

இந்தப் பாட்டு வெளிவந்த காலத்தைத் தெரிந்துகொண்டால்தான் அது எட்டிய உயரம் புரியும். கறுப்பினக் குழு ஒன்று ஒரு பாட்டைப் பாடும், இரண்டு வாரத்தில் வெள்ளையினக் குழு ஒன்று அதையே ஈயடிச்சான் காப்பி அடித்து வெளியிடும். பெரிய ரேடியோ நிலையங்கள் காப்பியைத்தான் போடும், காசும் அங்கேதான் போகும். 1954இல் ‘ஷ்-பூம்’ பாட்டைப் பாடிய கார்ட்ஸ் குழுவுக்கு நேர்ந்தது இதுதான். அதை எடுத்துப் பாடிய குரூ-கட்ஸ் என்ற வெள்ளையினக் குழு அமெரிக்கப் பிரபலப் பாடல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ‘ஒன்லி யூ’வுக்கும் காப்பி வந்தது, ஹில்டாப்பர்ஸ் என்ற குழு. ஆனால் இந்த முறை கணக்கு மாறியது. ஹில்டாப்பர்ஸ் எட்டாம் இடம், பிளாட்டர்ஸ் ஐந்தாம் இடம். அந்த விக்கலைக் காப்பி அடிக்க முடியவில்லை என்று நான் சொல்வேன். இசை வரலாறு எழுதுபவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள்.

அடுத்தது ‘தி கிரேட் பிரிடெண்டர்’. இதன் பிறப்புக் கதை கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமானது. ‘ஒன்லி யூ’ ஓடியதும் மெர்குரிக்காரர்கள் அடுத்து என்ன என்று கேட்க, கையில் ஒன்றும் இல்லாத ராம் வாய்க்கு வந்த ஒரு தலைப்பைச் சொல்லி “பாட்டு ரெடி” என்று சொல்லிவிட்டாராம். பிறகு லாஸ் வேகஸ் ஃபிளமிங்கோ ஹோட்டலின் கழிவறையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எழுதி முடித்தாராம். ராம் கதை சொல்வதில் வல்லவர், நிமிடக் கணக்கைக் கையிலே கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆனால் இல்லாததை இருப்பதாக நடித்த ஒருவர், ‘நான் பெரிய நடிகன்’ என்ற பாட்டை எழுதினார் என்பது கதையாகவே பொருத்தமாக இருக்கிறது.

பாட்டில் வருபவன் காதலி விட்டுப் போனவன். வெளியே சிரித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊருக்கு நடித்துக்கொண்டிருக்கிறான். விஷயம் அழுகை. ஆனால் வில்லியம்ஸ் அழுகிற குரலில் பாடுவதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்சம் பெருமையாகவே பாடுவார். நடிப்பவன் நன்றாக நடிக்க வேண்டுமே! அந்த முரண்தான் பாட்டு. 1956 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். பொதுப் பட்டியலிலும் கறுப்பினத்தவர் இசைக்கென்று தனியாக வைத்திருந்த பட்டியலிலும் சேர்ந்தே முதலிடம். 1987இல் குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஃபிரெடி மெர்குரி இதைத் தனியாகப் பாடி, பிரிட்டனில் நான்காம் இடம் வரை கொண்டுபோனார். அவர் பாடியது ஆடம்பரமானது, ரசிக்கலாம். பென் டிரைவில் கடைசியாக வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு பாட்டையும் குழு 1956இல் வந்த ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ படத்தில் திரையில் தோன்றிப் பாடியது. பிரிட்டனில் தியேட்டர் நாற்காலிகளைக் கிழித்து ஆடினார்கள் என்று பேர்போன படம் அது. அதற்கு நடுவில் இவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நின்று, கைகளை அளவாக அசைத்து, கல்யாண வரவேற்புக்கு வந்தவர்கள் மாதிரி பாடிவிட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பா இவர்களைக் கண்ணால் பார்த்ததே இல்லையென்றால் அந்தக் காட்சியை முதலில் காட்டுங்கள்.

இதற்கப்புறம் ராம் பிடித்த வழிதான் பழைய பாட்டுக்குப் புது உயிர். எனக்கு மிகவும் பிடித்தது இங்கேதான் இருக்கிறது, ‘மை பிரேயர்’. இதன் மெட்டு 1926இல் ருமேனிய வயலின் கலைஞர் ஜார்ஜ் பூலாஞ்சே எழுதியது. அவர் வைத்த பிரெஞ்சுப் பெயருக்குப் பொருள் ‘சாவதற்கு முன்’. 1939இல் அதற்கு ஆங்கில வரி போட்டவர் வட அயர்லாந்துக்காரர் ஜிம்மி கென்னடி. சாவைப் பற்றிய வயலின் மெட்டு, காதலியோடு இருக்க வேண்டும் என்ற பிரார்த்தனையாக மாறியது. அதே வருடம் கிளென் மில்லரின் வாத்தியக் குழுவும் இங்க் ஸ்பாட்ஸ் என்ற கறுப்பினக் குரல்குழுவும் அதை ஹிட் ஆக்கினார்கள். இங்க் ஸ்பாட்ஸின் பில் கென்னி உயரமான, மெல்லிய குரலுக்குப் பெயர் போனவர். கென்னி பாடியதைக் கேட்டுவிட்டு உடனே வில்லியம்ஸைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள உறவும் புரியும், தூரமும் புரியும். கென்னி கண்ணாடிக் குடுவையைக் கையில் ஏந்தி வருவது போல் பாடுவார். வில்லியம்ஸ் முதலில் அப்படித்தான் தொடங்குவார். போகப் போக ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் திறந்து, கடைசி வரியில் மொத்தக் கதவையும் திறந்துவிடுவார். வயலினுக்காக எழுதிய மெட்டு என்பதால் மனிதத் தொண்டைக்கு வசதியில்லாத தாவல்கள் அதில் உண்டு. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1956 ஆகஸ்டில் இது முதலிடம். அது எல்விஸ் பிரெஸ்லியின் வருடம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

‘ட்விலைட் டைம்’ இதே போல 1944இன் பாட்டு. திரீ சன்ஸ் என்ற மூவர் குழு போட்ட மெட்டுக்கு வரி எழுதியவர் வேறு யாருமில்லை, பக் ராம்தான். பதினாலு வருடம் கழித்துத் தன் சரக்கையே தூசு தட்டித் தன் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார். 1958 ஏப்ரலில் முதலிடம். அந்தி சாயும் நேரத்தைப் பற்றிய இதமான பாட்டு, சாயங்காலக் காபியோடு கேட்க நன்றாக இருக்கும். இதைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

‘ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்’ அப்படியில்லை. 1933இல் ‘ராபர்ட்டா’ என்ற பிராட்வே இசை நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்து, ஓட்டோ ஹார்பாக் எழுதியது. “உன் காதல் உண்மையென்று எப்படித் தெரியும்” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உள்ளே எரிகிற நெருப்பை எப்படி இல்லையென்பது என்கிறான் இவன். பிறகு காதல் போய்விடுகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள், இவன் கண்ணில் தண்ணீர். நெருப்பு அணையும்போது புகை கண்ணைக் கரிக்கத்தானே செய்யும் என்று சொல்லிச் சமாளிக்கிறான். விறகடுப்பு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் “அடுப்புப் புகை” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதே பொய்தான் இங்கே மான்ஹாட்டன் மேடையில்.

மெட்டும் லேசானது இல்லை. நடுப்பகுதியில் சுதி சட்டென்று வேறொரு இடத்துக்குத் தாவி, அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடும். பலர் அந்தத் தாவலில் சறுக்குவார்கள். வில்லியம்ஸ் அங்கே குரலைக் குறைத்துக்கொண்டு போய், திரும்பி வரும்போது பெரிதாக்குவார். இறுதி வரியில் அவர் ஏறும் உயரத்தை எங்கள் குழு டெனர் ஒருவர் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் முயற்சி செய்து பார்த்தார். அதைப் பற்றி மேலே பேசாமல் இருப்பது அவருக்கு நான் செய்யும் மரியாதை.

கெர்ன் 1945இலேயே காலமாகிவிட்டார். அவருடைய மனைவிக்கு இந்தப் புதுப் பாணி பிடிக்காமல் வழக்குப் போட நினைத்ததாகவும், ராயல்டி எவ்வளவு வருகிறது என்று தெரிந்ததும் அந்த எண்ணம் கலைந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. 1959 ஜனவரியில் மூன்று வாரம் அமெரிக்காவில் முதலிடம், மார்ச்சில் பிரிட்டனிலும் முதலிடம்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சில இடங்களில் “பிளாட்டர்ஸுக்கு நான்கு நம்பர் ஒன்” என்று இருக்கும், சில இடங்களில் “ஒன்றே ஒன்று” என்று இருக்கும். இரண்டும் சரி. இன்று எல்லோரும் சொல்லும், பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் ‘ஹாட் 100’ பட்டியல் 1958 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் கடை விற்பனைக்கு ஒன்று, ரேடியோவில் போட்டதற்கு ஒன்று, காசு போட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸுக்கு ஒன்று என்று பல பட்டியல்கள் இருந்தன. ‘பிரிடெண்டர்’, ‘மை பிரேயர்’, ‘ட்விலைட் டைம்’ மூன்றும் அந்தப் பழைய பட்டியல்களில் முதலிடம் பிடித்தவை. ஹாட் 100 வந்த பிறகு முதலிடம் போனது ‘ஸ்மோக்’ மட்டும். உங்கள் அப்பாவின் ‘ஒன்லி யூ’ பொதுப் பட்டியல் எதிலும் முதலிடம் பிடிக்கவில்லை, கறுப்பினத்தவர் இசைப் பட்டியலில் மட்டும் பிடித்தது. ஆனாலும் இன்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான்.

1959 ஆகஸ்டில் சின்சினாட்டி நகரில் குழுவின் ஆண்கள் நால்வரும் ஒழுக்கக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. ஆனால் அதற்குள் பல ரேடியோ நிலையங்கள் அவர்கள் பாட்டைப் போடுவதை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகும் 1960இல் ‘ஹார்பர் லைட்ஸ்’ எட்டாம் இடம் வரை வந்தது. இதுவும் பழைய பாட்டுதான், 1937. வரி அதே ஜிம்மி கென்னடி. மெட்டு வில் குரோஸ், நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்த ஆஸ்திரிய யூதர். துறைமுக விளக்குகள் ஒளிர்கின்றன, காதலி கப்பலில் போகிறாள், கரையில் நிற்பவன் பாடுகிறான். குரோஸின் வாழ்க்கை தெரிந்தபின் எனக்கு அது காதல் பாட்டாக மட்டும் கேட்பதில்லை. இதே இருவர் சேர்ந்து செய்த ‘ரெட் செயில்ஸ் இன் தி சன்செட்’டையும் குழு அதே வருடம் பாடியிருக்கிறது. இடம் இருந்தால் சேருங்கள்.

அந்த வருடமே வில்லியம்ஸ் தனியாகப் பாடப் போய்விட்டார். சானி டர்னர் என்ற இளைஞர் முன்குரலானார். மெர்குரிக்கோ வில்லியம்ஸ் இல்லாத பிளாட்டர்ஸ் மேல் ஆர்வமே இல்லை. சில வருடம் கழித்து, மியூசிகார் என்ற வேறொரு கம்பெனியில், டர்னர் காலத்துக் குழு 1967இல் ‘வித் திஸ் ரிங்’ என்ற பாட்டைக் கொடுத்தது. பதினாலாம் இடம். இது கண்ணீர் விடுகிற ரகம் இல்லை, டெட்ராய்ட் பாணியில் துள்ளுகிற கல்யாணப் பாட்டு. டர்னர் அருமையாகப் பாடியிருக்கிறார். ஆனால் உங்கள் அப்பாவுக்கு “இது பிளாட்டர்ஸா?” என்று புருவம் உயரலாம்.

இப்போது நீங்கள் கேட்ட ஏழெட்டு விதத்துக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கடையில் ‘பிளாட்டர்ஸ் கோல்டன் ஹிட்ஸ்’ என்று அட்டை போட்ட கேசட்டை, இரண்டு வார டீக்காசை மிச்சம் பிடித்து வாங்கினேன். ‘ஒன்லி யூ’ வந்தது. குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விக்கல் இல்லை. இருந்த இடத்தில் ஏதோ ஒரு நெளிவு. பக்கவாத்தியத்தில் எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் பளிச்சென்று கேட்டது. அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். எந்த வருடம், யார் பாடியது, ஒரு எழுத்துக்கூட இல்லை. அட்டைப் படத்தில் மட்டும் அசல் ஐவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? 1956இல் பக் ராம் குழுவின் பெயரை ஒரு கம்பெனியாக்கி ஐவருக்கும் பங்கு கொடுத்தார். நாளடைவில் பங்குகள் கைமாறின, பாடகர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் தங்கள் பெயரோடு ‘பிளாட்டர்ஸ்’ என்று சேர்த்து ஆளுக்கொரு குழு வைத்தார்கள். கம்பெனியும் ஒரு குழு வைத்தது. அவர்களிடம் கொஞ்ச காலம் பாடியவர்களும் குழு வைத்தார்கள். ஒரே இரவில் அமெரிக்காவின் பல ஊர்களில் பிளாட்டர்ஸ் கச்சேரி நடந்த காலம் உண்டு. எல்லோரும் பாடுவது அதே ஆறு பாட்டு, எல்லோரும் ரெக்கார்டிங்கும் செய்தார்கள். மியூசிகாரில் டர்னர் குழுவே பழைய ஹிட்களை மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறது. உங்கள் தேடலில் வந்து விழுவது இதெல்லாம்தான்.

ஹெர்ப் ரீட் கடைசி வரை இந்தப் பெயருக்காக வழக்காடினார். 2012 ஜூனில் 83 வயதில் அவர் காலமானபோது ஐவரில் மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர்தான். லிஞ்ச் 1981, ரோபி 1989, வில்லியம்ஸ் 1992, ஜோலா டெய்லர் 2007. ரீட் இறந்த பிறகும் அவர் நிறுவனத்தின் வழக்கு ஓடியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயரை இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே “ஈடுசெய்ய முடியாத இழப்பு” என்று ஊகித்து இடைக்காலத் தடை கொடுக்க முடியாது, இழப்பைச் சாட்சியத்தோடு காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க வணிகச்சின்ன வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் மேற்கோள் காட்டிய தீர்ப்பு அது. 2020இல் சட்டத்தையே திருத்தி அந்த ஊகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு பேஸ் பாடகரின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆக, அசலைக் கண்டுபிடிக்க: மெர்குரி என்ற பெயரும் 1955 முதல் 1960 வரையிலான வருடமும் சேர்ந்து இருக்க வேண்டும். 1960இல் மெர்குரி வெளியிட்ட ‘என்கோர் ஆஃப் கோல்டன் ஹிட்ஸ்’ என்ற தொகுப்பு கிடைத்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பாட்டின் பெயருக்குப் பின்னால் ‘ரீ-ரெக்கார்டட்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் தாண்டிப் போங்கள். ‘ஒன்லி யூ’வில் குரல் ஒரு காதிலும் பியானோ மறு காதிலும் என்று தெளிவாகப் பிரிந்து கேட்டால் சந்தேகப்படுங்கள், 1955இன் பதிவு மோனோ, இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். இதற்கெல்லாம் மேலே, விக்கலைக் கேளுங்கள்.

இன்னொரு பள்ளமும் உண்டு. யாஸூ என்ற பிரிட்டிஷ் இரட்டையர் 1982இல் பாடிய ‘ஒன்லி யூ’ முற்றிலும் வேறு பாட்டு. அதை 1983இல் வாத்தியமே இல்லாமல் ஃபிளையிங் பிக்கெட்ஸ் பாடியதும் அந்த வேறு பாட்டுதான். பெயரை வைத்துத் தரவிறக்கிவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்காதீர்கள். பீட்டில்ஸ் புகழ் ரிங்கோ ஸ்டார் 1974இல் பாடியது மட்டும் நம்முடைய பாட்டு. அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை போனது, மூலத்தைவிட ஒரே ஒரு படி கீழே.

பென் டிரைவில் வரிசை என்னைக் கேட்டால், ‘ட்விலைட் டைம்’ முதலில், காது பழகட்டும். பிறகு ‘பிரிடெண்டர்’, ‘ஹார்பர் லைட்ஸ்’, ‘ஸ்மோக்’, ‘மை பிரேயர்’. நடுவில் ஜோலா டெய்லர் முன்னால் நின்று பாடிய ‘ஹி’ஸ் மைன்’ ஒன்றைச் செருகுங்கள். மற்ற பாட்டுகளில் பின்னால் இழையாக மட்டும் கேட்கும் குரல் அதில் முழுதாகக் கேட்கும். கடைசியில் ‘ஒன்லி யூ’ இரண்டு முறை: 1954இல் ஃபெடரல் மூலையில் போட்ட பதிவு முதலில், மெர்குரி பதிவு அடுத்து. பாட்டு ஹிட் ஆனதும் ஃபெடரல் ஓடிப்போய்த் தூசு தட்டி வெளியிட்டதால் அதுவும் கிடைக்கிறது. கரடுமுரடாகத்தான் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டு, எந்த இடத்தில் அப்பா “இது இல்லையே” என்கிறார் என்று பாருங்கள்.